ஹெட்டை இறக்குவதற்கு முன்னால்

திருச்சி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாகிவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். போட்டோவில் அழுதுகொண்டிருந்தாலும் அப்படியே உன் சாடை. முட்டிவலி என்று எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான். வண்டிக்கு அடியில் படுத்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது. சரி, அந்தப் புலம்பலை நேரில் வைத்துக்கொள்ளலாம். உன் மாருதி எஸ்டீம் கார் விஷயத்துக்கு வருகிறேன்.

சிக்னலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ஓட ஆரம்பித்தால் இறங்கிவிடுகிறது, ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் இன்ஜினின் தலைப்பாகத்தை, இறக்கியே ஆக வேண்டும் என்கிறார்கள் என்கிறாய். இன்னும் சரி என்று சொல்லிவிடாதே. என் அம்பாசிடருக்கு நடந்ததைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

அப்பா 1978-இல் வாங்கிய அதே மார்க் 3தான். கொஞ்ச நாளாகப் பாலம் ஏறும்போது திணறல், நிறுத்தினால் உடம்பெல்லாம் உதறல். தெரிந்த பட்டறையில் காட்டினேன். சத்தத்தைக் கேட்டுவிட்டு, ‘போர் வேலை சார், சிலிண்டரைக் கடைந்து பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றணும்’ என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வரிசையில் வண்டி நிற்கும்போது ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க யாருக்கு நேரம்? பென்ஷன் வாங்கும் எனக்குத்தான் நேரம் கொட்டிக் கிடக்கிறது.

காசில்லாத சோதனையிலிருந்து ஆரம்பித்தேன். இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது, ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாக எடுத்து மாட்ட வேண்டும். 1-ஆம் சிலிண்டர் ஒயரை எடுத்தால் இன்ஜின் தள்ளாடியது, 4-ஐ எடுத்தாலும் அப்படியே. 2-ஐயும் 3-ஐயும் எடுத்தபோது ஒரு மாற்றமும் இல்லை. அந்த இரண்டும் சும்மா கூடவே சுற்றிக்கொண்டிருந்திருக்கின்றன. பிளக்குகளை இடம் மாற்றிப் பார்த்தேன், பிளக்குக்குப் பொறி கிளப்பும் பாயின்ட்டின் இடைவெளியை 0.015 அங்குலத்துக்கு வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரெஷன் கேஜ் ஒன்றை இரவல் வாங்கி அளந்தேன். 1, 4 இரண்டிலும் சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டு பக்கம் காட்டியது. 2, 3 இரண்டிலும் அதில் பாதிகூட இல்லை. பிளக் துளை வழியாகக் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடியும் அளந்தேன். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் ஓட்டையை அடைத்து முள் கொஞ்சமாவது ஏற வேண்டும். ஏறவே இல்லை.

பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து படுத்தால் முதல் சந்தேகம் அவற்றுக்கு நடுவில் இருக்கும் கேஸ்கட் (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே கசியாமல் அடைக்கும் தகடு) மேல்தான் வர வேண்டும். இந்த 1489 சிசி இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் காலத்துச் சரக்கு. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து எக்ஸாஸ்ட் வாய் மூன்றுதான். 2-உம் 3-உம் ஒரே வாய் வழியாகத்தான் புகையைத் தள்ள வேண்டும். சூடெல்லாம் அந்த இடத்தில் குவிகிறது, கேஸ்கட்டும் அங்கேதான் ஒல்லி. ஹெட்டைத் தூக்கிப் பார்த்தபோது அந்த நடுப்பட்டை கருகி அறுந்திருந்தது. பிஸ்டனையும் ரிங்கையும் தொடவே வேண்டியிருக்கவில்லை.

ஹெட்டைத் தூக்கினேன் என்று சொன்னாலும் தூக்கியது எதிர்வீட்டுப் பையன்தான். முழுக்க வார்ப்பிரும்பு, நம் வயதுக்கு ஆகாது. வால்வுகளைத் தட்டும் ராக்கர்களின் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. அதனால் முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, எல்லா நட்டுகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்த வேண்டும். திரும்பப் போடும்போதும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சுற்றுச் சுற்றாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். ஹெட்டின் அடிமட்டத்தைச் சரிபார்க்க லேத்துக்குத்தான் கொடுத்தேன். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை.

எனக்குப் பிடித்தது டேப்பெட் வைக்கிற வேலை, அதாவது வால்வுக்கும் அதைத் தட்டும் ராக்கருக்கும் நடுவில் சரியான இடைவெளி வைப்பது. முன்பக்கத்திலிருந்து எண்ணினால் வால்வுகள் 1 முதல் 8 வரை. 8 முழுக்கத் திறந்திருக்கும்போது 1-ஐச் சரிசெய்யலாம், 6 திறந்திருக்கும்போது 3-ஐ, 5 திறந்திருக்கும்போது 4-ஐ. எப்போதும் கூட்டினால் ஒன்பது வரும். பிளக்கெல்லாம் கழற்றிவிட்டால் முன்னால் ஹேண்டில் போட்டு ஒரு கையாலேயே இன்ஜினைச் சுற்றலாம். 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) தடிமனுள்ள ஃபீலர் கேஜ் தகடு அந்த இடைவெளியில் நுழைந்து, இழுத்தால் புதுப் புத்தகத்துக்குள் வைத்த ரூபாய் நோட்டு வருகிற மாதிரி லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும், அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளக்க வேண்டும். அவசரக்காரர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

கையோடு பெட்ரோல் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் மாற்றிவிட்டேன். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதில் ஊறி இளகிவிடுகிறது. சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உன் வண்டி. என் வண்டியில் ஃபேன் பெல்ட்டில் ஓடுகிறது, இன்ஜின் சுற்றினால் அதுவும் சுற்றும். உன்னுடையது கரன்ட் ஃபேன். ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகும், நிற்கும்போது ஃபேன்தான் கதி. நின்றால் மட்டும் சூடு ஏறுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஹெட்டா, ஃபேனா? வாசலில் ஏசி போடாமல் ஓடவிட்டு, முள் வழக்கமான இடத்தைத் தாண்டும்போது ஃபேன் ஓடுகிறதா பார். ஓடவில்லையென்றால் வண்டியை அணைத்துவிட்டு, ஃபேன் சாக்கெட்டைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த ஒயரில் பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் கொடு. விரலை இறக்கையிலிருந்து தள்ளி வை. சுற்றினால் மோட்டார் நல்லது, கோளாறு ஃபியூஸிலோ ரிலேயிலோ சுவிட்சிலோ. சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது.

ஃபேன் ஒழுங்காக ஓடியும் சூடு ஏறினால், ஆறின இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய். ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த நிறம் தெரிந்தாலோ ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதுதான் சரி, அவரிடமே கொடுத்துவிடு. சூடாக இருக்கும்போது மட்டும் அந்த மூடியைத் தொடாதே, முகம் வெந்துவிடும். இதெல்லாம் பார்த்து முடிக்கும் வரை முள் ஏறினால் ஓரம் கட்டி அணைத்துவிடு. உன் ஹெட் அலுமினியம், சூட்டில் வளைந்தால் இல்லாத செலவை நாமே இழுத்துவிட்டுக்கொண்ட மாதிரி ஆகிவிடும். டைமிங் பெல்ட்டில் நீ கை வைக்காதே, பிரேக்கிலும் வேண்டாம். அதற்கெல்லாம் காசு கொடுத்து ஆள் வைத்துக்கொள்வதுதான் நியாயம்.

சென்னை ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் பக்கம் போனால் எனக்கு இரண்டு பாயின்ட் செட் வாங்கி வை. உத்தரபாராவில் 2014-இலேயே அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள் என்றாலும் அந்தத் தெருவில் இன்னும் எல்லாம் கிடைக்கிறது. டூப்ளிகேட் மட்டும் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள். பங்குனியில் கல்யாணத்துக்கு வரும்போது வாங்கிக்கொள்கிறேன், கம்ப்ரெஷன் கேஜும் கொண்டுவருகிறேன். ஃபேன் ஓடியதா இல்லையா என்று அதற்கு முன்பே ஒரு வரி எழுதிப் போடு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்