64 பக்கம் தைத்துத் தந்த அண்ணனுக்கு

அப்பாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய தையல் பிரித்தாயிற்று. வீட்டுக்கு வந்துவிட்டார். பட்டதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுத மனம் வரவில்லை.

சிறுநீரகம் தந்த அத்தைக்கு மடல் எழுதி நன்றி சொல்ல முடியாது. அது வீட்டுக்குள் ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியது. சேலத்து டயாலிசிஸ் நர்ஸ்கள், டெக்னீஷியன்கள், ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் நிதானமாக வண்டியை ஏற்றிய டிரைவர் தம்பி (டயாலிசிஸ் முடிந்து பிரஷர் இறங்கியிருக்கும் நேரத்தில் வளைவில் வேகமாகத் திருப்பினால் தலைசுற்றலும் வாந்தியும்தான்), எஸ்டேட்டிலிருந்து கூடை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்து, பொட்டாசியம் ஏறிவிடும் என்றதும் முகம் சுளிக்காமல் திருப்பி எடுத்துப்போன அக்கம்பக்கத்தார், எல்லோருக்கும் கும்பிடு.

இந்த மடல் சேலம் செவ்வாய்ப்பேட்டை பைண்டிங் கடை அண்ணனுக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

டயாலிசிஸ் என்றால் பொதுவாக வாரம் 3 முறை, முறைக்கு 4 மணி நேரம். ஃபிஸ்டுலா (ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் 2 ஊசி. அந்தக் கையை மடக்கினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு மெஷின் அலறும். ஆக, புத்தகம் பிடிக்க மிச்சம் ஒரு கைதான். அப்பாவுக்குப் பிடித்ததோ 'பொன்னியின் செல்வன்'. 5 பாகம், 293 அத்தியாயம். கெட்டி அட்டை போட்ட ஒரு பாகத்தை ஒற்றைக் கையில் மல்லாந்தபடி பிடித்தால் கால் மணி நேரத்தில் மணிக்கட்டு கடுக்கும். நெஞ்சில் சாய்த்து வைத்தால் மூச்சு முட்டும்.

அட்டையை மாற்றித் தர முடியுமா என்றுதான் கேட்டோம். அண்ணன் வேறு கேள்வி கேட்டார்: "ஒரு தடவை உட்கார்ந்தா எத்தனை பக்கம் படிப்பாரு?" ஊசி குத்தி மெஷின் ஓடத் தொடங்கி ஆசுவாசமாகவே முதல் மணி நேரம் போய்விடும். கடைசி மணி நேரத்தில் பிரஷர் இறங்கி எழுத்து மங்கலாம். நடுவில் 2 மணி நேரம், சுமார் 60 பக்கம் என்றோம். அப்படியானால் 4 ஃபாரம் (ஃபாரம் என்பது 16 பக்கமாக மடித்த தாள்), 64 பக்கம் என்றார். டெம்மி அளவில் அப்படி ஒரு சிற்றேடு 80 கிராமைத் தாண்டவில்லை.

வீட்டிலிருந்தது பழைய பதிப்பு, ஃபாரம் ஃபாரமாக நூல் போட்டுத் தைத்தது. அது நல்லதாகப் போயிற்று. முதுகில் காய்ந்திருந்த வஜ்ரப் பசையின் மேல் ஈரமான மைதாப் பசையைப் பூசி 20 நிமிடம் ஊறவிட்டு, மழுங்கிய கத்தியால் வழித்தெடுத்தார். அவசரப்பட்டுக் காய்ந்த வஜ்ரத்தைச் சுரண்டினால் தாளின் மடிப்பும் சேர்ந்து கிழியும். இப்போது வரும் ஒட்டு பைண்டிங் புத்தகத்தில் இது நடக்காது. அந்தப் பசை தண்ணீரில் இளகாது. முதுகை 2, 3 மில்லிமீட்டர் வெட்டித் தள்ளித்தான் பிரிக்க வேண்டும். உள்ஓரம் குறுகலாக இருந்தால் எழுத்து மடிப்புக்குள் போய்விடும்.

ஸ்டேப்ளர் பின்னை அவர் தொடவே இல்லை. டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் மருந்து போடுவார்கள். பின் கீறினால்கூட ரத்தம் சட்டென்று நிற்காது. ஓரத்தில் துளையிட்டுத் தைப்பதையும் வேண்டாம் என்றார். அப்படித் தைத்தது விரித்தால் விரிந்து கிடக்காது, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மடிப்புக்குள் ஊசி விட்டு ஃபாரங்களைக் கோத்தார். வழக்கமாகப் பசையில் பூச்சிக்குக் கலக்கும் மயில்துத்தத்தை, விரலில் எச்சில் தொட்டுப் புரட்டும் நோயாளிக்கு ஆகாது என்று விட்டுவிட்டார். மேலே லேமினேஷன் அட்டை, ஈரத்துணியால் துடைக்கத் தோதாக. பலகைக்கு அடியில் ஒரு ராத்திரி அழுத்தத்தில் வைத்த பிறகே கொடுத்தார். முந்தி எடுத்தால் முதுகு கோணிக்கொள்ளும்.

இதெல்லாம் தொழில் தெரிந்தவர் செய்யக்கூடியது. அடுத்ததை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. அத்தியாயம் 64ஆம் பக்கத்தில் கச்சிதமாக முடிவதில்லை அல்லவா? மிஞ்சும் 2, 3 பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ஒவ்வொரு சிற்றேட்டின் கடைசியிலும் ஒட்டியிருந்தார். ஏடு முடியும்போது அத்தியாயமும் முடியும்.

இதன் அருமை கல்கியைப் படித்தவர்களுக்குப் புரியும். 1950 முதல் 1954 வரை வாரம்தோறும் தொடராக வந்த கதை அது. அடுத்த இதழ் வரும்வரை வாசகரைத் தவிக்கவிடுவதற்கென்றே ஒவ்வொரு அத்தியாயமும் முடியும். திங்கட்கிழமை ஏடு வந்தியத்தேவன் மாட்டிக்கொண்ட இடத்தில் நின்றால், அவன் எப்படித் தப்பினான் என்று அறியப் புதன்கிழமை மலையிறங்கியே ஆக வேண்டும். "இன்னைக்கும் போகணுமா" என்பவர் "அடுத்த ஏட்டை எடுத்து வெச்சியா" என்று கேட்கத் தொடங்கினால், அதற்கு எந்த மருந்துச் சீட்டும் ஈடில்லை. கால் விளங்காமல் படுக்கையில் கிடக்கும் சுந்தர சோழரையும், நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தில் காய்ச்சலோடு கிடக்கும் அருள்மொழியையும் அந்தக் கட்டிலில் படுத்துப் படிப்பது வேறு படிப்பு. கதையில் ராஜகுமாரனுக்கும் நோய் வருகிறது, பிக்ஷுக்கள் பார்த்துக்கொள்கிறார்கள், கதை மேலே நடக்கிறது. தைரியமாக இரு என்று வாயால் சொல்வதைவிட இது ஆழமாக இறங்குகிறது. நாவல் நோயைக் குணப்படுத்தாது. நாலு மணி நேரத்தைத் தாங்கக் கொடுக்கும், அது போதும்.

கூலி கொடுத்தபோது நூலுக்கும் அட்டைக்கும் ஜெராக்ஸுக்கும் மட்டும் எடுத்துக்கொண்டார்.

அண்ணா, அந்த ஏடுகள் சும்மா கிடக்காது. அட்டையைத் துடைத்து, வரிசை எண் ஒட்டி, டயாலிசிஸுக்கு வரும் மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டோம். வருடத்துக்கு ஒரு பெரிய நாவலாவது உங்கள் கையால் இப்படிப் பிரித்துத் தைத்துக் கொடுப்போம். இனிமேல் முழுக்கூலி வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் நூல் தையல் போட்ட பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம். பூஞ்சணம் பூத்தது, மக்கு வாடை அடிப்பது மட்டும் வேண்டாம். டயாலிசிஸ் நோயாளிகளுக்கும், அதைவிட மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கும், அந்தத் தூசி நுரையீரலில் தொற்றாகலாம்.

நன்றியுடன்,
ஏற்காட்டிலிருந்து அப்பாவின் பிள்ளைகள்