இரண்டு ப்ரைமரி டிஎன்எஸ் சர்வரால் எங்கள் மெயில் நின்றுபோனது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரு பீன்யாவில் லேத் பட்டறை நடத்துகிறேன். ஓசூரில் ஒரு கிளை. போனிலும் சாட்டிலும் அலைந்து சலித்துப்போய் இதை எழுதுகிறேன்.

எங்கள் டொமைன் பெயருக்கு எந்த சர்வர் என்று கேட்பவருக்குப் பதில் சொல்வது உங்கள் டிஎன்எஸ் பாக்ஸ். அதை இரண்டு இடத்திலும் வைத்து, இரண்டையும் ப்ரைமரி, அதாவது ரெக்கார்டை நேரடியாகத் திருத்தும் மூல சர்வர் ஆக்கியது உங்கள் இன்ஜினியர். "ஒன்று விழுந்தாலும் இன்னொன்று தாங்கும்" என்றார். சரி, நம்பினோம். மெயிலை வேறு சர்வருக்கு மாற்றியபோது உங்கள் ஆள், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைப் பீன்யா பாக்ஸில் மட்டும் திருத்தினார். ஓசூர் பாக்ஸ் மூடிய பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து கேட்பவருக்கு இரண்டில் எது பதில் சொல்லும் என்று யாருக்குத் தெரியும்? பாதி ஆர்டர் வந்தது, பாதி அனுப்பியவருக்கே திரும்பிப் போனது. இத்தனை வருடம் சம்பாதித்த பெயரே போய்விட்டது.

இதைக் கேட்கத்தான் ஒயிட்ஃபீல்டில் உங்கள் ஆபீஸ் வரை வந்தேன். மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி, அரை நாள் வேலையை விட்டு வந்தவனிடம், ரிசப்ஷனிலேயே புகார் டிக்கெட் க்ளோஸ் ஆகிவிட்டது என்றார்கள். க்ளோஸ் செய்தது யார்? போனில் "ப்ரைமரின்னா என்னன்னு தெரியுமா சார், கேஷ் க்ளியர் பண்ணுங்க" என்று, கம்ப்யூட்டரில் தேங்கிய பழைய பதிலை அழிக்கச் சொல்லிக் கட் செய்தாரே, அவர்தான். அந்தக் குரல் இன்னும் மறக்கவில்லை.

தெரியும் சார். மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி மாதிரி, எந்த சர்வரில் திருத்தினாலும் மற்றதற்குத் தானாகப் போய்ச் சேரும் ஏற்பாடு இருந்தால் பல ப்ரைமரி வைக்கலாம். எங்கள் இரண்டு பாக்ஸுக்கும் நடுவே அப்படி எதுவும் இல்லை. ரெக்கார்டுகள் எந்தப் பதிப்பு என்று காட்டும் சீரியல் நம்பரே வேறு வேறு. எப்போதோ ஒருமுறை மாறும் சில ரெக்கார்டுகளுக்கு ஒரு ப்ரைமரி, அதை நகலெடுத்து வைத்துக்கொள்ளும் ஒரு செகண்டரி போதாதா? ப்ரைமரி விழுந்தாலும், அந்த நகல் செல்லும் காலமான எக்ஸ்பயர் நேரம் முடியும் வரை செகண்டரி பதில் சொல்லும். அதை 2 முதல் 4 வாரம் வைக்கச் சொல்லி 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1912 என்ற இணைய வழிகாட்டி ஆவணத்திலேயே இருக்கிறது. அதுவரை புதிதாகத் திருத்த முடியாது, அவ்வளவுதான். உங்கள் பொருளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே!

தயவுசெய்து ஓசூர் பாக்ஸை செகண்டரியாக மாற்றி, திருத்தத்தை ப்ரைமரி அறிவிக்கும் நோட்டிஃபையும், ரெக்கார்டுகளை செகண்டரி நகலெடுக்கும் ஜோன் டிரான்ஸ்ஃபரும் வேலை செய்வதை எங்கள் முன்னால் காட்டுங்கள். இரண்டாவது ப்ரைமரிக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், டொமைனும் வேறு இடத்துக்குப் போகும். அப்புறம், அந்த ஏஜென்ட்டை இனி எங்கள் டிக்கெட்டில் போடாதீர்கள்.

இப்படிக்கு,
பீன்யா பட்டறை உரிமையாளர்