அடிபம்புத் தண்ணீரில் பெட்ரோல் வாடை

மேலத்தெரு சொந்தங்களே, பங்க்குக்குப் பின்னால் மூன்று வீட்டு அடிபம்பில் பெட்ரோல் வாடை அடிக்கிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம். காய்ச்சினாலும் பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற நச்சு ஆவியாகி அடுப்படிக் காற்றில்தான் கலக்கும். குழந்தைகள் உள்ள வீட்டார் தயவுசெய்து கவனம்.

பெட்ரோல் லேசானது, நிலத்தடி நீரின் மேல் மிதந்தே பரவும். காவிரியில் தண்ணீர் வந்து ஊற்று ஏறினால் அதுவும் கூடவே ஏறும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பென்சீன்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. அவ்வளவு குறைவாக இருந்தால் மூக்குக்குத் தெரியாது. அதனால் வாடை வராத வீட்டாரும் மாதிரி கொடுங்கள்.

நாளை காலை 7 மணிக்கு எடுக்கிறோம். கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, உடனே ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் ஆகாது.

பங்க்கின் பெட்ரோல் தொட்டியைச் சுற்றித் துளையிட்டு மண்ணையும் சோதிக்கக் கேட்டு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு தயார். கையெழுத்துப் போடப் பிள்ளையார் கோயிலுக்கு வாருங்கள்.