பங்களா சந்து காத்துக் குழாயை உயர்த்தித் தரச் சொல்லி மறுபடியும் ஒரு மனு

பெறுநர்: உயர்திரு பகுதிப் பொறியாளர் அவர்கள்

பொருள்: பாதாள சாக்கடை வாயுவை வெளியேத்துற வென்ட் பைப் (காத்துக் குழாய்) சம்பந்தமா

ஐயா, வணக்கம்.

ரேஷன் கடைக்குப் பின்னாடி, பழைய தோட்ட பங்களா காம்பவுண்டை ஒட்டி நிக்கிற இரும்புக் குழாய் உங்களுக்கே தெரியும், ஜீப்புல வந்து பார்த்துட்டும் போனீங்க. முன்னாடி குடுத்த மனுவுக்கெல்லாம் ரசீது இருக்கு, பதில்தான் இல்ல.

1. 1914ல கீழ்ப்பாக்கம் வாட்டர் ஒர்க்ஸ் வந்துச்சே, அதைக் கட்டின இன்ஜினீயர் மேட்லி துரை காலத்து ஆளுங்க விவரமானவங்க. கூரையைத் தாண்டி குழாய் நின்னாதான் சாக்கடை வாயு காத்தோட போகும்னு தெரிஞ்சு வச்சாங்க. அப்ப சுத்தி மாந்தோப்பு, இப்ப மூணு மாடி பிளாட்டு.

2. மேல்பாதி துருப்பிடிச்சு ஒடிஞ்சு விழுந்ததுல குழாயோட வாய் சரியா எங்க முதல் மாடி ஜன்னலுக்கு நேரா நிக்குது ஐயா. ராத்திரி காத்து அசையலேன்னா அழுகின முட்டை நாத்தம் அப்படியே கட்டிலுக்கு வந்துடுது, ஜன்னலை மூடினா புழுக்கம், திறந்தா குமட்டல், மாமனாருக்கு ஏற்கெனவே வீசிங், விடிய விடிய உக்காந்தே இருக்காரு. பீரோவுக்குள்ள துணியில சுத்தி வச்ச பொண்ணோட வெள்ளிக் கொலுசு கன்னங்கரேல்னு ஆயிடுச்சு, நகைக்கடைக்காரர் பார்த்துட்டு ஹைட்ரஜன் சல்பைடு, அதான் அந்த அழுகின முட்டை நாத்த வாயு, அதோட வேலைங்கறாரு. வெள்ளியே இப்படின்னா நுரையீரல்?

3. "நாத்தம் பழகிடும்மா"ன்னு உங்க ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு. பழகும் சார், இந்த வாயு மூக்கை மரத்துப் போக வச்சிடும், அப்புறம் வாயு இருக்கறதே தெரியாது, அதுதானே ஆபத்தே! அப்புறம் ஆள் அனுப்பி சிமெண்ட் சாக்கை அடைச்சுட்டுப் போனீங்க. குழாயை அடைச்சா வாயு எங்க போகும்? பாத்ரூம் வழியா வீட்டுக்குள்ள வந்துச்சு. சாக்கை நாங்களே பிடுங்கிப் போட்டோம்.

4. சிட்னியில 1857ல சாக்கடை காத்து போறதுக்குன்னே ஒரு தூண் கட்டினாங்க, ஹைட் பார்க்ல இன்னிக்கும் நிக்குது. நாங்க அவ்ளோ எல்லாம் கேக்கல.

5. உயரம். அதை மட்டும் கூட்டிக் குடுங்க.

தயவு செஞ்சு அடைக்கவும் வேணாம், பிடுங்கவும் வேணாம் ஐயா. மொட்டை மாடிக்கு மேல போற மாதிரி குழாயை நீட்டி, வாயில வலை போட்டுக் குடுங்க. மழைக்கு முன்னாடி பண்ணிக் குடுங்க ஐயா.

இப்படிக்கு,
பங்களா சந்து குடியிருப்போர்