விரல் கிளிப்பை மட்டும் நம்பலாமா?

ஆசிரியருக்கு வணக்கமுங்க.

போன மாதம் தங்கை மகளின் டான்சில் ஆபரேஷனுக்காக ஈரோட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். ஊசி என்றாலே ஊரைக் கூட்டுகிற பிள்ளை என்பதால் ரத்தம் எடுக்காமல், விரலில் ஒரு கிளிப்பை மாட்டி ஹீமோகுளோபின் பார்த்தார்கள். 100 மில்லி ரத்தத்துக்கு 9.8 கிராம் என்று காட்டியது. அவளோ சிணுங்கிக்கொண்டு கையை ஆட்டியபடியே இருந்தாள், ஏசி குளிரில் விரல் வேறு சில்லிட்டுக் கிடந்தது. சரி என்று லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்தால் 11.6!

கருவியைக் குறை சொல்லவில்லைங்க. பல அலைநீளங்களில் ஒளியை விரலுக்குள் செலுத்தி, ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. ரத்த ஓட்டம் குறைந்த விரல், அசைவு, நெயில் பாலிஷ் எல்லாமே அந்தக் கணக்கைக் குழப்பும். பெரியவர்களுக்கே லேப் அளவிலிருந்து 1 கிராம் முன்பின் வருவது சகஜம், சிலருக்கு அதற்கு மேலும் போகும். 14 இருப்பவருக்கு அது பெரிய விஷயமில்லை. 8, 9 என்று விளிம்பில் நிற்பவருக்கு ரத்தம் ஏற்றுவதா, ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதா என்பதே அதனால் மாறிவிடும். அந்த இடத்தில் லேப் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கிளிப்புக்கும் லேபுக்கும் சேர்த்தே பில் போட்டார்கள், அது தனிக் கதை.

- ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்