கரப்பானுக்கு மருந்து, மீனுக்குக் காற்று

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்கு வேலை மாற்றம் வந்ததையும், நீ காலை நடையை மறுபடி தொடங்கியதையும் ஒவ்வொரு வரியில் முடித்துவிட்டு, மீதிக் கடிதம் முழுக்கக் கரப்பானைப் பற்றியே எழுதியிருக்கிறாய். அவ்வளவு தொல்லை என்றால் மருந்து அடிக்க ஆளை வரச் சொன்னதில் தவறே இல்லை. ஆனால் போகிற போக்கில், "மீன் தொட்டியை ஒரு துணி போட்டு மூடினால் போதும் என்று அந்த ஆள் சொன்னார், நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்காகத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். துணி போதாது. மூடிவிட்டு ஏர் பம்பை ஓடவிட்டால் மூடியும் பயனில்லை.

அவரிடம் திரும்பப் பேசும்போது, என்ன மருந்து, எப்படிப் போடப் போகிறார் என்று கேள். "ஒன்றும் செய்யாது சார், மூலிகை மருந்து" என்றால் விட்டுவிடாதே. டப்பாவில் அச்சடித்திருக்கும் பெயரைப் படித்துக் காட்டச் சொல். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின், பைஃபென்த்ரின் என்று 'த்ரின்' என முடிகிற பெயர் என்றால் அது பைரெத்ராய்டு வகை. வீட்டுக்குள் தெளிக்கும் மருந்துகளில் அதிகம் புழங்குவது இதுதான். கொசுவர்த்திச் சுருளிலும், பிளக்கில் செருகும் கொசு விரட்டியிலும் இதே குடும்பத்து மருந்து உண்டு. தொட்டிக்குப் பக்கத்தில் அதை வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடு. மூலிகை என்பதும் ஆறுதல் இல்லை. பைரெத்ராய்டுக்கு முன்னோடியே ஒரு வகைச் சாமந்திப் பூவிலிருந்து எடுக்கும் பைரெத்ரம்தான். அதுவும் மீனைக் கொல்லும். வேரிலிருந்து எடுக்கும் ரோட்டினோன் என்று இன்னொன்று இருக்கிறது. ஏரிகளில் வேண்டாத மீன் இனங்களை ஒழிக்க அதைத்தான் கலக்குகிறார்கள்.

நமக்குப் பெரிதாக எதுவும் செய்யாத மருந்து மீனை மட்டும் ஏன் இப்படிப் போட்டுத் தள்ளுகிறது? பைரெத்ராய்டு நரம்பைத் தாக்கும். நரம்பில் சோடியம் உள்ளே வரும் வாசல்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். நரம்பு ஓயாமல் துடித்துக் கடைசியில் செயலிழந்துபோகும். நம் ஈரலில் இந்த மருந்தைச் சீக்கிரம் உடைத்துப் போடும் நொதிகள் உண்டு. மீனுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. போதாததற்கு, மீன் இரவும் பகலும் செவுள் வழியாகத் தண்ணீரைக் கடத்திக்கொண்டே இருக்கிறது. கொழுப்பில் எளிதாகக் கரையும் இந்த மருந்து செவுளின் மெல்லிய தோலைத் தாண்டி நேராக ரத்தத்தில் கலந்துவிடும்.

எவ்வளவு உள்ளே போனால் ஆபத்து என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் உனக்கே பயம் வரும். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் சைபர்மெத்ரின் இருந்தாலே பல மீன் இனங்கள் செத்துப்போகும். உன் தொட்டி 120 லிட்டர். ஒரு மில்லிகிராம் உள்ளே போனால் லிட்டருக்கு 8 மைக்ரோகிராம் ஆகிவிடும். தெளிக்கும் கலவையில் மருந்து 0.1 சதவீதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்; அதன் ஒரு மில்லிலிட்டரிலேயே அந்த ஒரு மில்லிகிராம் இருக்கிறது. மணலும் செடியும் ஃபில்டர் ஸ்பாஞ்சும் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும், உண்மைதான். அதை நம்பி இருக்க முடியாது.

உன் தொட்டியில் இருக்கும் செர்ரி இறால்களின் கதை இன்னும் மோசம். இறால் பூச்சிக்குத் தூரத்து உறவு. பூச்சியைக் கொல்லச் செய்த மருந்து அதையும் பூச்சியாகத்தான் நடத்தும். இமிடாகுளோப்ரிட் மாதிரி மருந்துகள் மீனை அவ்வளவாகத் தொடாவிட்டாலும் இறாலை விடாது. ஃபிப்ரோனில் என்ற மருந்து மீன், இறால் இரண்டுக்குமே ஆகாது.

இப்போது அந்த ஏர் பம்ப் விஷயம். தெளிக்கும்போது துளி நேராகத் தொட்டியில் விழுவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். பம்ப் தொட்டிக்கு வெளியே, ஸ்டாண்டிலோ சுவரிலோ இருக்கிறது. அறைக் காற்றை இழுத்து, ஏர் ஸ்டோன் வழியாகச் சின்னச் சின்னக் குமிழியாக்கித் தண்ணீருக்குள் விடுவதுதான் அதன் வேலை. நிமிடத்துக்கு 2 லிட்டர் தள்ளும் சாதாரணப் பம்ப் 4 மணி நேரத்தில் 480 லிட்டர் காற்றை உள்ளே அனுப்பிவிடும். அந்தக் காற்றில் மருந்துப் பனி மிதந்துகொண்டிருந்தால், நீ மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் அது கீழ்வழியாகப் போய்க்கொண்டே இருக்கும்.

சரி, தெளிக்கத்தான் வேண்டுமா? என்னைக் கேட்டால், கரப்பான் ஒன்றுதான் பிரச்சினை என்றால் ஜெல் போடச் சொல். அலமாரிக் கீல், சிங்க் அடி, ஃபிரிட்ஜின் பின்புறம் என்று மூலைகளில் பொட்டுப் பொட்டாக வைப்பார்கள். கரப்பான் தின்றுவிட்டுத் தன் பொந்தில் போய்ச் சாகும். அதன் கழிவையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். காற்றில் எதுவும் கலப்பதில்லை. ஜெல்லிலும் மருந்து இருக்கத்தான் செய்கிறது, சில ஜெல்களில் அதே ஃபிப்ரோனில்தான். ஆனால் வைத்த இடத்திலேயே இருக்கும். ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரேயும் அடித்தால் கரப்பான் அந்தப் பக்கமே வராது, இரண்டும் வீண். அறை நடுவில் வைத்துத் திறந்துவிடும் புகை டப்பாக்கள் எனக்குச் சுத்தமாகப் பிடிப்பதில்லை. கரப்பான் இருப்பது விரிசலுக்குள். புகை படிவது மேஜையிலும் தரையிலும் தொட்டியிலும்.

மூட்டைப்பூச்சிக்கோ மரத்தைத் தின்னும் கறையானுக்கோ வீட்டையே மூடி வாயு நிரப்புகிற முறை ஒன்று உண்டு. சல்ஃபியூரில் ஃப்ளூரைடு என்ற அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உள்ளே யாராவது இருந்தால் தெரியட்டும் என்று கண்ணை எரிக்கும் குளோரோபிக்ரினை முன்கூட்டியே கொஞ்சம் விடுவார்கள். அதற்கு முன் மீன், செடி எல்லாமே வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். பாலிதீன் அந்த வாயுவைத் தடுக்காது. அறையை 50 டிகிரிக்கு மேல் சூடாக்கும் முறைக்கும் இதேதான். இன்னொன்று, யாராவது தானியக் கிடங்கில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கொண்டுவந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பு. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வரும். மீனைப் பற்றி யோசிக்க நீ இருக்கமாட்டாய்.

தெளித்தே ஆக வேண்டும் என்றால், தொட்டி இருக்கும் கூடத்தில் மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியுமா பார். கூடத்தின் கதவை அடைத்து, அடி இடுக்கில் ஈரத்துண்டைச் செருகி, தொட்டியையும் மூடிவிட்டால் பெரும்பாலும் போதும். கூடத்திலும் அடிப்பார்கள் என்றால் இறால்களையாவது வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விடு. மூடியுள்ள பக்கெட்டில் அதே தொட்டித் தண்ணீரை ஊற்றி, ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டையும் போட்டால் ஓரிரு நாள் தாக்குப்பிடிக்கும். தரை துடைத்த பக்கெட் வேண்டாம். 120 லிட்டர் தொட்டியைத் தண்ணீரோடு நகர்த்தும் எண்ணமே வேண்டாம்; தண்ணீர் மட்டும் 120 கிலோ, தூக்கினால் சிலிக்கான் ஒட்டு விட்டுப்போகும்.

மூடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் பயந்துபோய்த் தவறான பக்கம் போகிறார்கள். முதல் நாளே தீனியை நிறுத்து. வயிறு காலியாக இருந்தால் மீன் ஆக்சிஜனும் குறைவாக எடுக்கும், கழிவும் குறையும். தண்ணீரை விளிம்பிலிருந்து ஒரு 5 சென்டிமீட்டராவது குறைத்துவை. ஆள் வருவதற்கு முன்பே, காற்று சுத்தமாக இருக்கும்போதே, ஏர் பம்பை நிறுத்திக் குழாயைக் கழற்றித் தொட்டிக்குள்ளேயே போட்டுவிடு. பம்பையும் ஒரு கவரில் கட்டி வேறு எங்காவது வை. கனமான பாலிதீன் ஷீட்டால் தொட்டியின் மேலும் நான்கு பக்கமும் மூடி, கண்ணாடியோடு சேர்த்து டேப் ஒட்டு. வயர் வெளியே வரும் சந்துதான் எப்போதும் விட்டுப்போகும். அங்கே இரட்டையாக ஒட்டு. விளக்கை அணை.

இப்படி மூடினால் மூச்சுத் திணறாதா என்று தங்கச்சி கேட்பாள், சொல்லிவை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 8 மில்லிகிராம் சொச்சம். ஒரு லிட்டர் காற்றிலோ 270 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. ஷீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் 15 லிட்டர் காற்று நின்றாலே, மொத்தத் தண்ணீரில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு ஆக்சிஜன் அங்கே இருக்கிறது. அது தண்ணீருக்குள் இறங்க மேற்பரப்பு அசைய வேண்டும், அவ்வளவுதான். உன்னுடையது தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும் ஃபில்டர் என்பதால் அதை ஓடவிடு. காற்று உறிஞ்சும் சின்னக் குழாயை மட்டும் பிடுங்கிவிட்டு, தண்ணீர் வெளியே வரும் வாயை மேற்பரப்பை நோக்கித் திருப்பிவை. மீன் நெருக்கம் இல்லாத தொட்டி சில மணி நேரம் இப்படித் தாராளமாக இருக்கும். உன் கௌராமிகள் மேலே வந்து காற்றை விழுங்குகிற ஜாதி. அவற்றுக்கும் அந்த இடைவெளிதான் உயிர். தண்ணீரைத் தளும்பத் தளும்ப நிரப்பி, அதன்மேல் ஷீட்டை ஒட்டி வைத்தால் அவைதான் முதலில் போகும்.

குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் நிற்கும் என்று யாராவது ஐஸ் போடச் சொன்னால் கேட்காதே. ஆக்சிஜன் விஷயம் சரிதான், ஆனால் பைரெத்ராய்டு குளிரில் இன்னும் வீரியமாக வேலை செய்யும்.

வெளியே நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் அதை மணிக்கணக்கில் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டுவதில் ஒரு ஆபத்து உண்டு. உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா சாக ஆரம்பித்துவிடும். அதனால் மீன் செத்தாலும் பழி மருந்தின் மேல் விழும். நிறுத்த வேண்டியிருந்தால் ஸ்பாஞ்சை எடுத்துத் தொட்டியிலேயே போட்டுவிடலாம். உனக்கு அந்தப் பாடு இல்லை.

அடித்து முடித்த பிறகு அவசரப்படாதே. நான்கு மணி நேரம் கழித்து வீட்டுக்குள் போகலாம் என்று அவர் சொல்வது உனக்கு, மீனுக்கு இல்லை. வாசனை போய்விட்டது என்பதும் கணக்கில்லை. வருவது பெரும்பாலும் மருந்தைக் கரைத்திருக்கும் திரவத்தின் வாசனை, மருந்து வாசனையே இல்லாமல் இருக்கும். ஜன்னல்களைத் திறந்து, ஃபேனைப் போட்டு, தரை காய்ந்து, காற்று நன்றாக மாறட்டும். ஷீட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மேல்புறம் உள்ளே போகும்படி சுருட்டியெடுத்துக் குப்பையில் போடு. படக்கென்று இழுத்தால் மேலே படிந்ததெல்லாம் தண்ணீரில் விழும். அப்புறம் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டிக்குள் கை விடாதே. வலையும் தீனி டப்பாவும் அன்று வெளியில் கிடந்திருந்தால் அவற்றையும் கழுவு. ஏர் பம்பை மறுநாள் ஓட்டினால் போதும். ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் கரி, ஒரு பை போட்டு ஒரு வாரம் விடு. மருந்துபட்டு விழுந்த பூச்சி எதையும் மீனுக்குப் போடக் கூடாது. பேரன் ஆசையாகப் பொறுக்கிப் போடுவான், பார்த்துக்கொள்.

மீன் திடீரென்று அம்பு மாதிரி பாய்ந்து கண்ணாடியில் மோதினாலோ, உடம்பு வெட்டி இழுத்தாலோ, பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தாலோ, மருந்து உள்ளே போய்விட்டது என்று எடுத்துக்கொள். முறி மருந்து கிடையாது. குளோரின் நீக்கிய தண்ணீரை முன்கூட்டியே மூடி போட்ட டிரம்மில் பிடித்து வேறு இடத்தில் வைத்திரு. பாதித் தண்ணீரையாவது உடனே மாற்றி, வெளிக் காற்று இழுக்கும்படி பம்பை ஜன்னலுக்கு அப்பால் வைத்து ஓட்டு. சீக்கிரம் கவனித்தால் சில பிழைக்கும்.

சின்னவள் பூனை வளர்க்கிறாள் என்று எழுதியிருந்தாய். பூனைக்கும் பெர்மெத்ரின் ஆகாது. காயும்வரை அதையும் வெளியே வைத்துக்கொள்ளச் சொல்.

என் பக்கம் பெரிய செய்தி ஒன்றும் இல்லை. முழங்கால் வலி குறைந்து, தொட்டி கழுவக் குனிய முடிகிறது. கௌராமி குமிழிக் கூடு கட்டி முட்டையிட்டது. குஞ்சுகள் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உனக்கு வேண்டுமென்றால் கொஞ்சம் வளர்ந்ததும் தருகிறேன், ஆனால் உன் வீட்டில் இந்த மருந்து வேலையெல்லாம் முடிந்து நாளாகட்டும்.

டப்பாவில் என்ன பெயர் இருந்தது என்று கேட்டு எழுது. ஜெல்லுக்கு ஒத்துக்கொண்டாரா என்பதையும்.

அன்புடன்,
மணி