கூட்டின் முன்னால் கேமரா வேண்டாம்

பறவைப் படம் எடுக்கும் மதுரை, விருதுநகர் பக்கத்து நண்பர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்தால் போதும், நம் வாட்ஸ்அப் குழுக்களில் "எங்கேயாவது கூடு இருக்கா?" என்ற கேள்வி வந்துவிடும். நானும் கேட்டிருக்கிறேன். கேட்டவர்களுக்கு இடமும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வலசை வந்த வாத்துகளும் உள்ளான்களும் கிளம்பிய பிறகு, வற்றிப்போன கண்மாயில் பார்க்க என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் கேட்கலாம். நமக்குத் தெரியும். வெடித்துக் கிடக்கும் அந்தத் தரையில்தான் ஆள்காட்டிப் பறவை முட்டையிடுகிறது. புல் தூருக்குப் பக்கத்தில் வானம்பாடி கூடு வைக்கிறது. கரைச் சரிவில் பஞ்சுருட்டான் குருவி வளை தோண்டுகிறது. கோடைதான் இவற்றுக்குப் பிள்ளை பெறும் காலம்.

போன சித்திரையில் எங்கள் ஊர்க் கண்மாயில் ஒரு ஆள்காட்டி நான்கு முட்டை இட்டிருந்தது. கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை. லேசான ஒரு பள்ளம், சுற்றிலும் சின்னச் சின்னக் கற்கள். இரண்டடி தள்ளி நின்றால் முட்டை எது, கல் எது என்று தெரியாது. ஆசையில் ஒரு படம் எடுத்து, இடத்தைக் குழுவில் போட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது ஏழு பேர் நின்றார்கள். யாரோ அடையாளத்துக்குக் குச்சி நட்டு வைத்திருந்தார். முட்டையை மறைத்த புல்லை ஒருவர் பிடுங்கியிருந்தார். தாயும் தகப்பனும் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றின. மணி பதினொன்று.

அந்த வெயிலை நினைத்துப் பாருங்கள். இந்தப் பறவை கோடையில் முட்டைமேல் உட்காருவது பெரும்பாலும் சூடேற்ற இல்லை, நிழல் கொடுக்க. வெயில் உச்சிக்கு வந்தால் தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போய், வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைகளின் மேல் உட்காரும். ஆணும் பெண்ணும் மாறி மாறி, கிட்டத்தட்ட நான்கு வாரம். நாம் அங்கே நின்ற ஒவ்வொரு நிமிடமும் அந்த முட்டைகள் நேர் வெயிலில் கிடந்தன. மறுவாரம் பள்ளம் காலியாக இருந்தது. காக்கை கொண்டுபோனதா, நாயா, கீரியா, நான் பார்க்கவில்லை. ஆனால் ஆட்கள் கூடி நிற்கும் இடத்தைக் காக்கை மரத்திலிருந்து கவனிக்கும் என்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இடத்தைச் சொன்னவன் நான். அது இன்னும் உறுத்துகிறது.

"நான் தூரமாகத்தானே நிற்கிறேன், அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறதே" என்று சிலர் சொல்கிறீர்கள். பஞ்சுருட்டான் விஷயத்தில் இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். உயிரியல் ஆய்வாளர் மிலிந்த் வாட்வேயும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு அது. நிற்கும் ஆளுக்கு வளையின் வாய் தெரிந்தால் பறவை உள்ளே போகத் தயங்கியது. அதே ஆள் வளை கண்ணில் படாத இடத்துக்கு மாறி நின்றால் அவ்வளவு தயங்கவில்லை. அதாவது, நமக்கு என்ன தெரிகிறது என்பதை அந்தக் குருவி கணக்குப் போடுகிறது! அலகில் தட்டானைக் கவ்வியபடி கம்பியில் உட்கார்ந்திருக்கும் பஞ்சுருட்டான் அருமையான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் வளைக்கு நேரே நீங்கள் நிற்கும்போது அது அப்படி வெகுநேரம் உட்கார்ந்திருந்தால், உள்ளே குஞ்சுகள் பசியோடு காத்திருக்கின்றன என்று அர்த்தம்.

செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடுவதும் இந்த மாதங்களில் வேண்டாம். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டதென்று அது இரை தேடுவதை விட்டுவிட்டுச் சண்டைக்கு வருகிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்தான் வைத்திருக்கிறது. கேமராவைத் தூக்கிக்கொண்டு போகும் நாம் யாரும் நம்மை வேட்டைக்காரர் என்று நினைப்பதில்லை.

குழு நடத்துபவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: பங்குனி முதல் ஆடி வரை கூட்டுப் படங்களையும் இடக் குறிப்புகளையும் அனுமதிக்காதீர்கள். போட்டி நடத்துபவர்களும் கூட்டுப் படங்களை வாங்க வேண்டாம். பரிசு கிடைக்காது என்றால் பாதிப் பேர் கூட்டுக்குப் போகவே மாட்டார்கள். புதிதாக வருபவர்களைத் திட்டாமல், பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். பெரிய லென்ஸ் வாங்க முடியாமல் செல்போனோடு கூட்டுக்குப் பக்கத்தில் போகும் பையனுக்கு ஆசைதான் இருக்கிறது, கெட்ட எண்ணம் இல்லை.

கூட்டைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் திருநெல்வேலி மாவட்டத்தில் பறவைகள் சரணாலயம் இருக்கும் கூந்தன்குளத்துக்குப் போய் வாருங்கள். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் அங்கே தெருவோர மரங்களிலேயே குஞ்சு வளர்க்கின்றன. மனிதர் நடமாட்டம் அவற்றுக்குப் பழகிப்போனது. காரணம், பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத அந்த ஊர்க்காரர்கள். மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

எங்கள் கண்மாயிலும் கோடையில் எடுக்க நிறைய இருக்கிறது. மடைக்குக் கீழே ஒரு குட்டையில் வைகாசி வரைக்கும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாயங்காலம் நாலரைக்கு மேல் புறாக்களும் சில்லைகளும் மைனாக்களும் அங்கே வரிசையாக வரும். சில நாள் கீரி தன் குட்டிகளோடு வரும். கரையில் ஒரு புளியமரம் இருக்கிறது. அதன் நிழலில் அசையாமல் உட்கார்ந்தால் போதும், எல்லாம் தானாகவே வரும். இந்தச் சித்திரையில் சனிக்கிழமைதோறும் நான் அங்கேதான் இருப்பேன். வாருங்கள், சேர்ந்து உட்காரலாம். ஆள்காட்டி இந்த வருஷம் எங்கே முட்டையிட்டிருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்